ஒட்டகத்தின் வால்

நாளை பார்வையற்ற பிள்ளைகளுக்குத் தேர்வு. வினாத்தாளை பிரெய்லுக்கு மாற்றுவது என் வேலை. படம் வந்தால் அதை வார்த்தையில் சொல்ல வேண்டும்.

சரிபார்ப்பவர் நஸ்ரீன் டீச்சர். அவருக்கும் பார்வை கிடையாது. இன்று தாள்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார்.

"என்ன சார், 'படத்தில் ஒட்டகம் நிற்கிறது. இது எந்த விலங்கு?'ன்னு போட்டிருக்கீங்க? பதிலையும் நீங்களே சொல்லிட்டா பசங்க என்ன எழுதுவாங்க?"

பெயரை எடுத்துவிட்டு, 'நீண்ட கழுத்து, முதுகில் திமில்' என்று மாற்றினேன்.

"இது ஓகே. வால் எப்படி இருக்கும்னும் சேத்துடுங்க."

என்னிடம் இருக்கும் வினாத்தாள் ஜெராக்ஸில் வால் பக்கம் ஒரே கறுப்பு.

இப்போது தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருக்கிறேன். நெட்டில் தேடிய ஒட்டகப் படம் மேலிருந்து மெதுவாக இறங்குகிறது, திமில்வரைதான் வந்திருக்கிறது. கடை சாத்தப் போகிறார்கள்.

ஒட்டகத்தின் வாலைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது உடனே சொல்லுங்கள்.