பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டரோடு ஹார்ட் டிஸ்க்குக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. மகள் தவழ்ந்தது முதல் பள்ளி நாடகம் வரை எல்லா வீடியோவையும் அதில் நான்தான் பேக்கப் எடுத்து வைத்திருந்தேன். அவ்வப்போது வீட்டிலேயே திறந்து பார்ப்பேன், எல்லாம் ஓடும்.

போன வருஷம் கம்ப்யூட்டர் ரொம்பவும் மந்தமாகிவிட்டது. தில்லை நகரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "பேக்கப் இருக்குங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லி, டிஸ்க்கைப் பெருமையாக மேஜைமேல் வைத்தேன். அவர் கம்ப்யூட்டரை உள்ளே எடுத்துப் போனார்.

லேப்டாப்போடு காத்திருந்த ஒரு பெண்மணி டிஸ்க்கின் பொட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இதை வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருக்கீங்களா?"

இல்லை. பார்த்தால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது. அவருடைய லேப்டாப்பில் செருகினோம். மகள் பெயரில் வீடியோக்கள் வரிசையாக நின்றன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

"டிஸ்க் கிட்டத்தட்ட காலிங்க. நீங்க காப்பி பண்ணதெல்லாம் ஷார்ட்கட். வீடியோ எங்க இருக்குன்னு வழி மட்டும்தான் காட்டும். வீட்ல ஓடினது உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறது."

"அண்ணே, அழிச்சிடாதீங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் அந்தப் பெண்மணி. கடைக்காரர் இன்னும் தொடங்கியிருக்கவில்லை. வீடியோக்களை நிஜமாகவே டிஸ்க்கில் காப்பி பண்ணிய பிறகுதான் அழித்தார்.

இந்த ஆயுத பூஜைக்கு முன்னால் டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். திரையில் மகள் தவழ்ந்து வந்து கேமராவைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பொட்டு வைத்தேன்.