சூசன்னா பெர்கனின் மாவுத் தொட்டி

முழங்கை வரை மாவு ஒட்டியிருக்க, சூசன்னா பெர்கன் தொட்டியின் மேல் குனிந்து பிசைந்துகொண்டிருக்கிறார். பிசையும்போது பேசமாட்டார், உதடுகள் மட்டும் அசையும். இறந்தவரின் பெயரையும் அவர் வீட்டாரின் பெயர்களையும் சொல்லி ஜெபிக்கிறார் என்பதை எங்கள் ஊர் அறியும். ஆகவே, உப்புப் போதுமா என்றுகூட அவ்வேளையில் எவரும் கேட்பதில்லை.

கிர்கிஸ்தானில் குடியேறிய ஜெர்மானியர்களான எங்கள் சபையில், சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அடக்கத்துக்கு வருவோருக்கான ரொட்டிமாவை ஒருவர் பிசைந்து பங்கிட்டு அனுப்ப, அவரவர் தத்தம் வீட்டில் சுட்டுக் கொண்டுவருவர். ஒவ்வொரு ரொட்டியும் பெரிய உருண்டையின் மேல் தலைபோல ஒரு சிறிய உருண்டை. பெருவிரலால் அடிவரை அழுத்தாவிட்டால், வேகும்போது தலை சரிந்துவிடும்.

சபையாரில் பாதிப்பேர் ஜெர்மனிக்குப் போய்விட்ட பின்னர், சூசன்னா கிர்கிஸ் வீடுகளின் கதவுகளையும் தட்டினார். "எங்க ரொட்டிக்கு வயிறு மட்டுந்தான். உங்க ரொட்டிக்குத் தலை வேறயா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கனிக்கேய். "தலையோட குடுத்துட்டுப் போறேன், தலையோட திருப்பித் தா" என்றார் இவர். அன்று முதல் கனிக்கேயின் அடுப்பும் சபையைச் சேர்ந்ததே.

துக்க வீட்டில் இவர் எவரையும் தேற்றிப் பேசியதில்லை. "ஆறுதல் வார்த்தை எனக்கு வராது. மாவுதான் வரும்" என்பார்.

சென்ற பிப்ரவரியில் ஹெலெனா ரெம்பெல் இறந்தார். அவர் கணவர் யாக்கோபு, ஜெபவீட்டுக் கணப்பை மூட்டுவது யார் பொறுப்பு என்னும் தகராறில் பதினோர் ஆண்டுகளாகச் சபைக்குள் கால் வைக்காதவர். மனைவியைத் தாமே புதைத்துக்கொள்வதாகவும், ஒருவரும் வர வேண்டா என்றும் சொல்லி, மூப்பர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் நண்பகலில் அடக்கம்.

சூசன்னா வழக்கம்போல் பிசைந்தார். எல்லா வீடுகளுக்கும் அனுப்பினார். கடைசிப் பங்கை ஒரு பேசினில் எடுத்துக்கொண்டு யாக்கோபின் வீட்டுக்கு நடந்தார். அவர் கதவைச் சாத்தினார். இவர் பனி படிந்த படியில் உட்கார்ந்து, தம் சால்வையைக் கழற்றிப் பேசினைப் போர்த்தினார். எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்த நான், வேறொரு சால்வையுடன் ஓடினேன்.

கதவு சிறிது திறந்தது.

"வீட்டுக்குப் போ சூசன்னா. விறைச்சுச் சாகப்போற."

"செத்தா உனக்கு ரெண்டு அடக்கம். எனக்கு அவசரமில்லண்ணே, மாவுக்குத்தான் அவசரம். பொங்குது பாரு."

"உன் வீட்டுலயே சுடு."

"என் அடுப்புல இடமில்ல."

சூசன்னாவின் அடுப்பு வெறுமையாகக் கிடந்ததை நான் அறிவேன்.

"சுட்டா ஊரே வந்து நிக்கும்."

"நிக்கத்தான் செய்யும். சபையோட சண்டை போட்டது நீ. அவ போடல. இத்தனை பேரு வீட்டுச் சாவுக்கும் ராத்திரி பகல்னு சுட்டவ, அவள நாலு பேரு மட்டும் தூக்கிட்டுப் போகணுமா?"

யாக்கோபு கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றார்.

நானும் பின்னாலேயே நுழைந்தேன். சமையலறை மேசையருகே, தொங்கிய அவர் கைகளைச் சூசன்னா ஒவ்வொன்றாகப் பிடித்துச் சட்டைக் கையை மடித்துவிட்டார். யாக்கோபு பெரிய உருண்டையின் மேல் சிறியதை வைத்தார். அழுத்தாமல் நின்றார். அது ஹெலெனாவின் வேலை.

"அடிவரைக்கும் அழுத்துண்ணே."

பெருவிரல் மெல்ல இறங்கியது. சூசன்னா அடுத்த உருண்டையை அவர்முன் தள்ளிவைத்தார். பின்னர், அன்று எரியவே கூடாத அந்த அடுப்பின் கதவைத் திறந்து, தீக்குச்சியை உரசினார்.