கொழுப்பில் ஏறி வரும் கீழாநெல்லி

என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. என் மனைவி வேலூரில் செவிலியர். அன்றே பிரியாணிக்குத் தடை விழுந்தது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு பிரியாணி சாப்பிடாமல் இருப்பது லேசான காரியமில்லை. கடையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம். மூக்கை என்ன செய்வது?

தண்டனைக் காலம் குறையுமென்று நானாகவே காலையில் கீழாநெல்லிச் சாறு குடிக்க ஆரம்பித்தேன். மனைவி தடுக்கவுமில்லை, நம்பவுமில்லை.

அப்போதுதான் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தாள். மூலிகைச் சத்தை நானோ துகளில் வைத்துக் கல்லீரலுக்கு அனுப்புவது அவளுடைய ஆராய்ச்சி.

"சும்மா குடிச்சா சத்து அவ்ளோவா உள்ள போய்ச் சேராது மாமா. அதான் கொழுப்பால குட்டியா ஒரு உறை செஞ்சு, அதுக்குள்ள வச்சு அனுப்புறோம்."

"கொழுப்பாலயா?" நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆமா. உங்க கம்பெனியில தோலு மெத்துன்னு ஆவ, எண்ணெய சின்னச் சின்னத் துளியா ஒடச்சு தோலோட டிரம்ல போட்டு சுத்துவாங்கல்ல? வெறுமனே ஊத்தினா மேலயே நிக்கும். அந்த மாதிரி."

எனக்குத் தோலைப் பற்றித் தெரியும். ஆகவே அந்த நிமிடமே கல்லீரலைப் பற்றியும் தெரிந்துவிட்டது. மறுநாள் மாலை பிரியாணிப் பொட்டலத்தோடு வீடு திரும்பினேன்.

"இன்னா இது?" என்றாள் மனைவி.

"வண்டி," என்றேன். "காலையில குடிச்ச கீழாநெல்லி கொழுப்பு கெடைக்காம நடுவழியில நிக்குது. வேணும்னா இவளையே கேளு."

சாட்சி பிறழ்ந்தது. "ஐயோ மாமா, நான் சொன்னது கண்ணுக்கே தெரியாத துளி. ஆட்டுக் கொழுப்பு இல்ல. அதுவும் இன்னும் எலிங்களுக்குத்தான் குடுத்துப் பாக்குறோம்."

"எலிக்குக் கொழுப்புச் சாப்பாடு உண்டா இல்லியா?"

"உண்டு. மொதல்ல அதுக்கு நோவு வரணும்ல?"

மனைவி குறுக்கிட்டாள். "சரியாச்சான்னு எப்டிம்மா பாப்பீங்க?"

"கல்லீரல வெளிய எடுத்து, மெல்லிசா சீவி, மைக்ராஸ்கோப்புல பாப்போம் அத்தை."

மனைவி என் விலாவுக்குக் கீழே, அளவெடுப்பதுபோல் பார்த்தாள். "இன்னாங்க, பாத்துடலாமா?"

பொட்டலம் பிரிந்தது. சோறும் கறியும் அக்கா மகளின் தட்டுக்குப் போயின. தொட்டுக்கொள்ளக் கடையில் தரும் கத்திரிக்காய் மட்டும், கறி அள்ளிய அதே கரண்டியில், எனக்கு வந்தது.

"செடியில காய்ச்சது. சுத்தியும் எண்ணெ. நீங்க கேட்ட ரெண்டும் இதுலயே இருக்குது. சாப்புடுங்க," என்றாள் மனைவி.

விஞ்ஞானத்தை எதிர்த்து என்ன பேசுவது? கத்திரிக்காயைப் புரட்டினேன். அடியில் கரண்டியிலிருந்து ஒட்டிக்கொண்டு ஒரு கறித்துணுக்கு வந்திருந்தது. இருவரும் கவனிக்கவில்லை. அப்படியே கத்திரிக்காயால் சுற்றி வாயில் போட்டுக்கொண்டேன்.

உறைக்குள் வைத்து அனுப்பினால் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவள் சொன்னது உண்மைதான்.