சுத்தியல் படாத சன்னல்

தலைப்பிரசவத்துக்காக நான் தாய்வீட்டுக்கு வந்தது சித்திரைக் கடைசியில். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலும் வாய் நிறையச் சிரிப்புமாகப் பாளையங்கோட்டையில் வந்து இறங்கினேன். வளையல் அப்படியே இருந்தது. சிரிப்பு இரண்டே நாளில் காய்ந்துவிட்டது.

காரணம், எனக்கு ஒதுக்கிய பின்னறை. வாசல் பக்கத்து அறை என்றால் போகிறவர் வருகிறவர் கண் படும் என்று அம்மா சொல்லிவிட்டாள். பின்னறை நல்ல அறைதான், அடுப்பங்கரைக்கும் கிணற்றுக்கும் பக்கம். ஆனால் மேற்கே பார்த்த அறை. மத்தியானத்துக்கு மேல் சுவர் வெயிலைக் குடிகுடியென்று குடித்துவிட்டு, விடிய விடிய அதை என்மேல் கக்கும். மின்விசிறி சுடுகாற்றைக் கிண்டிக் கிண்டிப் பரிமாறும். இருந்த ஒரே சன்னலோ திறக்காது.

அது சாதாரணக் கதவுச் சன்னல் இல்லை. அந்த வீட்டை எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் தன் ஊர் நினைப்பில் கட்டியிருந்தார். மற்றச் சன்னல்களை எல்லாம் பின்னால் வந்தவர்கள் மாற்றிவிட்டார்கள், இது ஒன்று மட்டும் தப்பித்துக் கிடந்தது. கண்ணாடி பதித்த இரண்டு சட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்று. கீழ்ச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் அது மேலே வழுக்கிப் போய் நிற்க வேண்டும். நிலையின் உச்சியில் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு கப்பி. கப்பி வழியாக ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனை சட்டத்தில், மறுமுனை நிலைக்குள்ளே ஒளிந்து தொங்கும் இரும்புக் குண்டில். சட்டம் ஏறினால் குண்டு இறங்கும். அதனால் ஒற்றைக் கையால் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். இதெல்லாம் அப்பா சொல்லிக் கேட்டதுதான். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அது அசைந்ததே இல்லை.

அசையாமல் போனதற்கும் அப்பாதான் காரணம். சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், மார்கழிக் கடைசியில் மட்டும் பெயிண்டர் ஆகிவிடுவார். பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடிக்க ஆள் வரும். மரச் சாமானுக்கு வர்ணம் பூசும் உரிமையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஓர் இடுக்கைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. அந்தச் சன்னலில் சுற்றிச் சுற்றி இடுக்குதான். ஒரு பொங்கலுக்குப் பச்சை, ஒரு பொங்கலுக்கு நீலம், ஒரு பொங்கலுக்குக் காப்பிக்கொட்டை நிறம் என்று ஆசை ஆசையாகப் பூசி, சன்னலை நிலையோடு ஒரே மரமாக ஆக்கிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் வள்ளியூரில் இருந்து அத்தை, அதாவது என் மாமியார், என்னைப் பார்க்க வந்தார். என் அறையில் வந்து உட்கார்ந்து, ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் முந்தானையால் நாலு தடவை கழுத்தைத் துடைத்துவிட்டார்.

"மதினி, பிள்ளை இங்கன கிடந்து வேகுதாளே. எங்க ஊர்ல காத்துன்னா அது காத்து. காத்துக்குன்னே கம்பெனிக்காரன் வந்து கரண்டு எடுக்கக் காத்தாடி நட்டுருக்கான்லா? வார வெள்ளிக்கிழமை முத பஸ்ஸுக்கு வாரேன். அப்பவும் இந்த அறை இப்படியே இருந்துச்சுன்னா நான் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருதேன். தப்பா நினைக்காதீய."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். வந்த மகளைப் பாதியில் திருப்பி அனுப்பினால் தெரு சும்மா இருக்காது. 'பேறு பாக்க வக்கில்லாம அனுப்பிட்டா' என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். அதையும் விட, நான் அவளுக்கு ஒரே மகள். எனக்கும் அப்போது வள்ளியூர்க் காற்று வேண்டியிருக்கவில்லை, அம்மாதான் வேண்டியிருந்தது. கல்யாணம் ஆனவள் அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வெயிலைத் திட்டித் தீர்த்தேன். ஆஸ்பத்திரியில் நாலு நாள் போக, அதற்கு முன்னும் பின்னும் இந்த அறையில்தான் நான் கிடக்க வேண்டும். ஆக, வெள்ளிக்கிழமைக்குள் சன்னல் திறக்க வேண்டும்.

"இதென்ன பிரமாதம்?" என்று அப்பா சுத்தியலை எடுத்தார். அம்மா அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"வாயும் வயிறுமா பிள்ளை இருக்கையில வீட்டுல சுத்தியலை எடுப்பீயளோ?"

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. இந்த விஷயத்தில் அம்மா நீதிபதி, அப்பீல் கிடையாது. நான் வந்த மறுநாள் காலண்டர் ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. அதை மாட்ட அப்பாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அன்றிலிருந்து காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் நின்றுகொண்டு தேதி பார்த்தோம்.

இன்னொரு சட்டமும் உண்டு. பிள்ளை பிறக்கும் முன்னே பிள்ளைக்கென்று ஒரு பொட்டுத் துணிகூட வாங்கக் கூடாது. திருச்செந்தூர் போய்வந்த அப்பா, ஆசை தாங்காமல் அங்கே ஒரு கிலுகிலுப்பை வாங்கிவிட்டார். அம்மா அதை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. வந்த காலோடு அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லிவிட்டாள். அப்பா அதை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

சன்னலைப் பார்க்க ஆசாரி வந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கக் கை ஓங்கியவரை அம்மா தடுத்து நிபந்தனையைச் சொன்னாள். அவர் காப்பியைக் குடித்து முடித்தார். "சுத்தியல் இல்லாம நான் என்னத்தச் செய்ய? சன்னல் கால்ல விழுந்து கெஞ்சவா? பிள்ளை பிறந்த பிறவு சொல்லிவிடுங்க அண்ணாச்சி" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது.

"சுரண்டலாமா?"

"சுரண்டலாம்."

"திருப்புளி வச்சுக் கழட்டலாமா?"

அம்மா யோசித்தாள். "பையக் கழட்டலாம். நெம்பக் கூடாது."

"கையால தள்ளலாமா?"

"தள்ளுங்க. குத்தக் கூடாது."

அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டார். உடைந்த ரம்ப பிளேடு ஒன்றில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தானே பூசி அடைத்த இடுக்கைத் தானே கீறிக் கீறித் திறந்தார். நான் நாற்காலியில் சாய்ந்து விசிறிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். சும்மா பார்க்கவில்லை, வாயும் வேலை செய்தது. "அப்பா, இது நான் பத்தாவது எழுதின வருஷத்துப் பச்சை. அப்பவே சொன்னேன், இந்தப் பச்சை நல்லாயில்லன்னு." பதிலுக்கு அப்பா தூசியை என் பக்கம் ஊதுவார். சட்டத்தைப் பிடித்து நிறுத்தும் ஓரக் குச்சிகளைத் திருகாணிதான் பிடித்திருந்தது. வர்ணத்துக்கு அடியில் புதைந்து கிடந்த அந்தத் திருகாணித் தலைகளை ஊசியால் நோண்டி நோண்டி அவர் கண்டுபிடித்தபோது, அந்தப் பெயர் தெரியாத துரையை அம்மா வாயார வாழ்த்தினாள். ஆணி அடிக்காத புண்ணியவான்!

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் நின்று சட்டத்தைத் தள்ளினார்கள். அசையவில்லை. "முக்குங்க, முக்குங்க" என்று நான் உற்சாகப்படுத்தினேன். "அது நீ செய்ய வேண்டிய வேலைட்டி" என்றாள் அம்மா. சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தள்ளியதில் 'டப்'பென்று சன்னல் விட்டுக்கொடுத்து ஒரு முழம் மேலே ஏறியது. பல்லி முட்டையும் பழைய தூசியும் கொட்டின. அதன் பின்னாலேயே ஜில்லென்று ஒரு காற்று. அன்றுதான் மலைப்பக்கம் சாரல் தொடங்கியிருந்தது போல. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படி ஒரு சுகம்.

அந்தச் சுகம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. மக்கிப் போன பழைய கயிறுகள் இரண்டும் அறுந்து, சட்டம் தொம்மென்று கீழே விழுந்தது. கண்ணாடி உடையாதது முருகன் செயல். அம்மா வெளிறிப் போய் என் வயிற்றைப் பார்த்தாள். "நாம அடிக்கல. அதுவா விழுந்தது. கணக்குல வராது" என்றார் அப்பா அவசர அவசரமாக.

கட்டையால் முட்டுக் கொடுத்து நிறுத்தலாம்தான். ஆனால் என் கட்டில் சன்னலுக்கு நேர் கீழே. நாளைக்குப் பிள்ளையும் அங்கேதான் கிடக்கும். கட்டை நழுவினால்? அம்மா அதை நினைக்கவே மாட்டேன் என்றாள். சம்பந்தியம்மா வந்து பார்க்கப் போவதும் முட்டுக் கொடுத்த சன்னலா?

அப்பா குச்சிகளைக் கழற்றிச் சட்டத்தை வெளியே எடுத்தார். நிலையின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து இரும்புக் குண்டுகளையும் எடுத்துவிட்டார். இனி கயிறு கட்ட வேண்டியதுதான் பாக்கி. கிணற்றுக் கயிறு கப்பிக்குள் நுழையவே இல்லை. துணி காயப்போடும் நைலான் கயிறு நுழைந்தது, ஆனால் முடிச்சு நிற்கவில்லை. ஆணி அடித்து இறுக்கவும் வழியில்லை. போடப் போட வழுக்கிக்கொண்டு போய், குண்டு நிலைக்குள்ளே டொம்மென்று இறங்கியது. இதற்குள் ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டது. இனிப் போனால் கடை அடைத்திருக்கும். காலையில் கடை திறப்பதற்குள் வள்ளியூர் பஸ் வந்துவிடும்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். என் துணிமணியை யாரோ மடித்து வைப்பதை அவள் அப்போதே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

சட்டென்று திரும்பி நடந்தாள். அடுத்த அறையில் டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சுருள் கயிறு. வெள்ளை நூல் கயிறு, புத்தம் புதுசு. முனையில் மஞ்சள் தடவியிருந்தது.

"இதைக் கட்டுங்க."

அப்பா வாங்கித் தடவிப் பார்த்தார். "ஏ, இது தொட்டில் கயிறுல்லா?"

"கேக்காதீய. கட்டுங்க."

"நான் ஒரு கிலுகிலுப்பை வாங்கினதுக்கு என்னைத் தெருவுல நிறுத்தினியே. ஊருக்குத்தான் உபதேசமா?"

"கட்டுதீயளா இல்லையா?" அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சட்டம் போட்ட நீதிபதியே கையும் களவுமாகப் பிடிபட்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

"எப்பம்மா வாங்கினே?"

"நீ முழுகாம இருக்கேன்னு தாக்கல் வந்துச்சுல்லா. மறுநாளே."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. இத்தனை மாதமும் அதை உடுப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, எங்களையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கயிற்றைச் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியைச் சன்னலுக்கு எடுத்துக்கொண்டார்கள். முடிச்சை அம்மாதான் போட்டாள். பிள்ளை கிடக்கிற தொட்டிலுக்குப் போடும் முடிச்சு, எத்தனை இழுத்தாலும் இறுகுமே தவிர அவிழாது. அப்பா சட்டத்தைப் பொருத்திக் குச்சிகளை முடுக்கினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் ஒற்றைக் கையால் தூக்கினேன். ஏறியது. கையை எடுத்தேன். நின்றது.

மறுநாள் சொன்னபடியே அத்தை வந்துவிட்டார். அறைக்குள் நுழைந்ததும் முந்தானை பறந்தது. "பாருமேன்!" என்று சன்னலை ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றிப் பார்த்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அத்தையின் கண் கப்பியின் பக்கம் போய் நின்றது. விரலால் கயிற்றைத் தொட்டார். முனையில் மஞ்சள் இருந்தது.

"மதினி, இது தொட்டில் கயிறுல்லா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா பேப்பரை எடுத்து விரித்தார். போச்சு, பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் கயிறு வாங்கிய வீட்டில் இனி இவர் என்னை விட்டுவைக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அத்தை வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டு நெல்லுக் குலுக்கைக்குள்ள தொட்டில் கம்பு கிடக்கு. கடைசல் பிடிச்சு, வர்ணம் கொடுத்தது. தையிலயே செஞ்சு வாங்கிட்டேன். என் மகன்கிட்ட யாரும் சொல்லிராதீய. அவன் பழனி போயிட்டு ஒரு பொம்மை வாங்கிட்டு வந்தான்னு அவனை நான் ஏசாத ஏச்சு ஏசிருக்கேன்."

அம்மா நிமிர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சிரித்த சிரிப்பில் அத்தைக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. அம்மா அவர் தலையில் தட்டிக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை சொன்னார்: "பிள்ளை இங்கனயே இருக்கட்டும் மதினி. அம்மைக்காரி கயிறு கட்டி வச்சுக் காத்துக்கிட்டிருக்கா. நான் யாரு கூட்டிட்டுப் போக?"

ஆனியில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று, அம்மா சுத்தியலை அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். அப்பா முதலில் காலண்டரை மாட்டினார். பிறகு தேவை இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் ஆணி அடித்தார். பிள்ளை அசையாமல் தூங்கியது.

வள்ளியூர்க் கம்பில், மிச்சமிருந்த பாதிக் கயிற்றில், சன்னலுக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டினோம். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது என்பது அம்மாவின் அடுத்த சட்டம். ஆனாலும் புழுங்கினால் அவளே சன்னலை ஒரு சாண் தூக்கிவிடுவாள். ஒரு கை சன்னலில், ஒரு கை தொட்டிலில். அந்தப் பொங்கலுக்கு அப்பா பெயிண்ட் டப்பாவோடு பின்னறைக்கு வந்தபோதும் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். வெறுமனே ஏறிட்டுப் பார்த்தாள். அப்பா டப்பாவை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.