பதினாலுக்கு எட்டு

எங்கள் அத்தை ஒரு முட்டையைக் கையில் எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் போதும். உள்ளே இருப்பது சேவலா பெட்டையா என்று சொல்லிவிடுவாள். கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை. இது ஊருக்கே தெரிந்த சங்கதிதான். ஆனால் எது கூர், எது உருண்டை என்று அடித்துச் சொல்ல அத்தை வேண்டும். கம்பத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் எந்த வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் அவளுக்கு ஆள் வரும். போனால் வெற்றிலை மரியாதையெல்லாம் உண்டு.

அத்தை அய்யாவுக்கு மூத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள். அதனால் அடுத்த தெருவில் இருந்தாலும் எங்கள் வீட்டு அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அவளுக்கு எதிர்ப்பேச்சுப் பேசின முதல் ஆள் நான். வெள்ளைக்காரன் காலம், எனக்கு வயது பத்து. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

சண்டை என் சாம்பல் கோழியால் வந்தது. அதைக் குஞ்சாக இருந்தபோது பருந்தின் காலிலிருந்து பிடுங்கிக் காப்பாற்றியவள் நான். ஒரு மாசி மாதக் காலையில் அத்தை வந்து அது இட்ட முட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கோழியை இறக்கையோடு சேர்த்துத் தூக்கினாள்.

"இது போடுறது பூராம் உருண்டை முட்டை. பெட்டையாப் பொரிக்கிற சனியன். சாமிக்கு விட ஒரு சேவலுக்கு வக்கில்ல இந்த வீட்டுல. வைகாசிக் கும்புடுக்கு இத அறுத்துருவோம்."

அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர், மூன்றும் பெண், நான் மூத்தவள். அம்மாவுக்கு அப்போது அஞ்சு மாசம். முட்டையைப் பார்க்கிற அதே கண்ணால்தான் அத்தை அம்மாவின் வயிற்றையும் பார்ப்பாள். கூராக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தால் ஆண், உருண்டையாக இருந்தால் பெண். பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்: இதுவும் பெண்தான்.

கோழியைக் கையில் பிடித்தபடியே அய்யாவிடம் சொன்னாள். "தேவாரத்துல நல்ல எடம் ஒண்ணு இருக்குடா தம்பி. ஆம்பளப்புள்ள வேணும்ல வீட்டுக்கு. இன்னும் என்னத்துக்குக் காத்திருக்க? வைகாசி கழியவும் போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குத் தேவாரத்து இடமெல்லாம் காதில் ஏறவே இல்லை. மலையடிவாரத்தில் நாலு குழி நிலம் வாங்கப்போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் கண் முழுக்கக் கோழிமேல் இருந்தது.

"பெட்டையாத்தான் பொரிக்கும்னு எப்பிடித் தெரியும்? எண்ணிப் பாத்தீகளா?" என்றேன்.

"எண்ணணுமாக்கும்! போன வருசம் இது நாலு பெட்டை பொரிக்கல?"

"மூணு சேவலும் பொரிச்சுச்சு. பருந்து தூக்கிட்டுப் போயிருச்சு."

"பருந்து தூக்குனதெல்லாம் கணக்குல வராதுடி."

அய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் ஆத்தா, அக்கா சொல்லு பலிக்காதுங்கிறியா?"

"பலிக்குதா இல்லையான்னு பாத்துட்டு அறுங்கங்கிறேன்."

அம்மி நின்றது. அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தாள். அத்தைக்கு எதிரே அவள் வாய் திறந்து நான் பார்த்ததே குறைவு.

"அடைக்கு முட்டை நான் தாரேன் மதினி. நீங்களே பாத்துப் பிரிச்சு வையுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. எத்தன தப்புனா உங்க சொல்லு பலிக்கலேன்னு வச்சுக்கலாம்?"

அத்தைக்குச் சுருக்கென்றது. "எஞ்சொல்லாவது தப்புறதாவது! கை தவறி ஒண்ணு ரெண்டு தப்பும். அதுக்கு மேல தப்புனா நான் இனிமே முட்டையத் தொடல, போ."

இப்படியாக என் கோழிக்கு வைகாசி வரை ஆயுசு கிடைத்தது.

இருபது முட்டை சேர்ந்தது. அத்தை ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைச் சுளித்து, கூர் பத்து, உருண்டை பத்து என்று பிரித்தாள். எல்லாவற்றையும் ஒரே கோழிக்கு வைத்தால், பொரித்த பிறகு எது எந்த முட்டைக்காரன் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உருண்டை பத்தையும் என் சாம்பல் கோழிக்கு வைத்தேன். கூர் பத்துக்கு வேறு கோழி வேண்டும். பின்தெருவில் ராவுத்தர் வீட்டம்மா கோழி வளர்த்துச் சந்தைக்கு அனுப்புகிறவள். அவளிடம் போய்க் கெஞ்சி, அடைக்கு உட்கார்ந்திருந்த ஒரு கோழியைக் கூடையோடு தூக்கி வந்தேன். "இதெல்லாம் எதுக்குடி?" என்று கேட்டாள். சொல்லவில்லை. சொன்னால் ஊர் பூராவும் பரவி, அத்தை பின்வாங்கிவிடுவாள் என்று பயம்.

இருபத்தோராம் நாள் பொரித்தது. மூன்று கூமுட்டையாகப் போயிற்று. மீதிப் பதினேழும் உயிரோடு வந்தன. கூர் முட்டைக் குஞ்சுகளுக்கு மட்டும் இடது காலில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் இருந்தால் அத்தை வாக்கில் சேவல், இல்லாவிட்டால் பெட்டை.

நான் கட்டுவதைப் பார்த்து என் கடைசித் தங்கை, நாலு வயசுக்காரி, தானும் செய்ய வேண்டும் என்று ஒரே அழுகை. அவள் கையில் தாயம் விளையாடுகிற புளியங்கொட்டை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கியது. "சரி, நீ ஒவ்வொரு குஞ்சுக்கும் கொட்டையைப் போடு. கறுப்பு விழுந்தா வலது காலுல நூலு. வெள்ளை விழுந்தா இல்ல" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். ஆகக்கூடி, குஞ்சுகள் இடது காலில் அத்தையின் ஆரூடத்தையும் வலது காலில் புளியங்கொட்டையின் ஆரூடத்தையும் கட்டிக்கொண்டு திரிந்தன.

தங்கை தூங்கியதும் வலது கால் நூலை அவிழ்க்கப் போனேன். அம்மா தடுத்தாள். "அவுக்காதடி. இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டரை மாதம் நான் பட்ட பாடு! கால் பெருக்கப் பெருக்க நூலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். மேலே பருந்து, கீழே கீரி. வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் வருகிற நாளில் ஒன்று அதில் விழுந்து போய்விட்டது. இரண்டைப் பருந்து தூக்கியது. அந்த இரண்டுக்கும் நான் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. பதினாலு தேறின. ஏழுக்கு இடது காலில் நூல், ஏழுக்கு இல்லை.

இப்போது எங்கள் தெருவில் புள்ளியியல் படிக்கிற கல்லூரிப் பையன் ஒருவன் இருக்கிறான். 'இன்மைக் கருதுகோள்' என்று ஒன்றைப் புத்தகத்தில் காட்டினான். 'இதில் ஒரு விசேஷமும் இல்லை, எல்லாம் தற்செயல்' என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அது தாக்குப்பிடிக்காத அளவுக்குச் சாட்சி வந்தால்தான் விசேஷம் உண்டு என்று ஒத்துக்கொள்ளலாமாம். இதைப் படிக்க நீ மதுரை வரைக்கும் பஸ் ஏறுகிறாயா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அதை நாலு வயசுப் பிள்ளை புளியங்கொட்டையை வைத்துச் செய்தது.

வைகாசியில் கொண்டைகள் சிவந்துவிட்டன. கும்பிடுக்கு மூன்று நாள் இருக்கையில் அத்தை வந்தாள், இடுப்பில் அரிவாள்மணையோடு அல்ல, ஆனால் அந்தத் தோரணையில். யார் பார்த்துச் சொல்வது என்று பேச்சு வந்தது. அத்தை பார்த்தால் நான் ஒப்பமாட்டேன், நான் பார்த்தால் அவள் ஒப்பமாட்டாள். ராவுத்தர் வீட்டம்மாவைக் கூட்டி வந்தோம். நான் ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, இரண்டு காலையும் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு, அவளிடம் நீட்டினேன். நூல் அவள் கண்ணில் படவே இல்லை. அவள் கொண்டையைப் பார்த்து, வாலைப் பிரித்து, "சேவல்... பெட்டை... இதும் பெட்டை..." என்று சொல்லிக்கொண்டே போனாள். அய்யா சுவரில் கரியால், சேவலுக்குக் கோடும் பெட்டைக்குச் சுழியுமாக, போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றின் கீழும் இடது காலில் நூல் இருந்ததா என்று நான் சொல்ல, அதையும் குறித்தார்.

எண்ணினோம். அத்தை சொன்னதில் எட்டு சரி, ஆறு தப்பு.

"பாத்தியா!" என்று கையைத் தட்டினாள் அத்தை. "எட்டு! பாதிக்கு மேல எஞ்சொல்லு பலிச்சுருச்சு!"

எட்டு என்பது பெரிய எண்ணாகத்தானே இருக்கிறது? கோழி போயிற்று என்றே நினைத்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு ரெண்டுதான் தப்பும்னீக மதினி" என்றாள் அம்மா, மெதுவாக. "ஆறு தப்பியிருக்கு."

"வெயிலு காலத்து முட்டை, அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். எட்டு எட்டுத்தான!"

அப்போது அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். "வலது காலயும் பாருடி."

பார்த்தேன். ஒவ்வொன்றாக. அய்யா கரியால் இன்னொரு வரிசை குறித்தார். குறித்து முடித்து எண்ணினவர் இன்னொரு தடவை எண்ணினார்.

"ஒம்பது" என்றார்.

ராவுத்தர் வீட்டம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு சொன்னது ஒம்பது?" என்றாள்.

"எங்க வீட்டுப் புளியங்கொட்டை!" என்று நான் கத்தினேன். "அத்தை எட்டு, கொட்டை ஒம்பது! அத்தைக்கு மேல கொட்டைதான் ஆரூடக்காரி!"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் கூடையில் இருந்த கோழியெல்லாம் கத்த ஆரம்பித்தன. நான் தங்கையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஊர்த் திருவிழாவில் மாடு பிடித்தவனுக்குக்கூட அப்படி ஒரு சந்தோஷம் இருந்திருக்காது. அத்தையின் முகம் செத்துவிட்டது. "கொட்டைக்கு ஏதோ குருட்டாம்போக்குல விழுந்திருக்கு" என்றாள்.

வயசான பிறகு யோசித்தால், அத்தை சொன்னதில் நியாயம் இருந்தது. கொட்டைக்கு ஒன்பது விழுந்ததும் அதிர்ஷ்டம்தான். ஐந்து விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அதை எனக்குப் பதிலாக அய்யா யோசித்தார். தங்கையின் கையிலிருந்து கொட்டையை வாங்கிக்கொண்டு சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுவரில் இருந்த பதினாலு கோடு சுழிக்கும் வரிசையாகக் கொட்டையைப் போட்டார். ஆறு சரி. மறுபடி போட்டார். எட்டு. மறுபடி, ஏழு. மறுபடி, எட்டு. அப்புறம் ஐந்து, ஒன்பது, ஏழு, ஆறு, எட்டு. நாங்கள் சிரித்து ஓய்ந்து, ராவுத்தர் வீட்டம்மா தன் கோழியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அத்தை இரண்டு தடவை வெற்றிலை போட்டு முடித்த பிறகும் அய்யா போட்டுக்கொண்டே இருந்தார். சுவரெல்லாம் கரி. ஒரு கோழியை அறுக்கிறதா விடுகிறதா என்று முடிவு செய்ய இத்தனை தடவையா என்று எனக்கு அலுப்பாகக்கூட இருந்தது.

கடைசியில் கொட்டையைக் கீழே வைத்தார்.

"எட்டு சும்மாவே வருதுக்கா" என்றார். "ஒண்ணுமே தெரியாத கொட்டைக்கு வருது."

"அதுக்கு?"

"தேவாரத்து எடம் வேணாம். சொல்லிவிட்டுரு."

அத்தை பதறிப்போய் எழுந்தாள். "கோழிக்கும் இவ வயித்துக்கும் ஏண்டா முடிச்சுப் போடுற?"

"முடிச்சுப் போட்டது நீதானக்கா."

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தேவாரத்து நிலம் கைவிட்டுப் போனதில் எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். பதினாறு வயதில், "உத்தமபாளையத்துல நல்ல எடம் ஒண்ணு வந்திருக்கு" என்று என் கல்யாணத்துக்குப் பேச்செடுத்தார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தது.

ஆனி மாதம் அம்மாவுக்குப் பிறந்தது பெண்தான். அத்தை அன்றைக்கு ஓடி வந்தாள். வாசலிலேயே, "நான் சொன்னேன்ல! சொன்னேன்ல!" என்றாள். அய்யா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஒண்ணே ஒண்ண சரியாச் சொல்றதுக்கு நீ எதுக்குக்கா? வா, வந்து மருமகளத் தூக்கு" என்றார். அத்தை தூக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் தேவாரம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கோழி பார்த்த அந்த நாளைப் பற்றி. அத்தை போனபின் அய்யா வயலுக்குப் போய்விட்டார். நான் வெற்றிக் களிப்பில் சாம்பல் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அம்மாவிடம் காட்ட அடுப்படிக்கு ஓடினேன். அவள் அடுப்பு பற்றவைக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கோழியோடு சேர்த்து இழுத்து அணைத்தாள். அவள் வயிறு என்மேல் இடித்தது. கோழி நடுவில் மாட்டிக்கொண்டு கத்தியது. அவள் விடவில்லை. தோளெல்லாம் குலுங்கக் குலுங்க அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். என் உச்சந்தலையில் முகத்தை வைத்து முத்தினாள்.

அம்மாவுக்கும் கோழிமேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொன்னேன்.

"அழாதம்மா. அதான் தப்பிச்சிருச்சுல்ல. இனிமே யாரும் அதத் தொட மாட்டாக."