சம்பல் தர மறுத்தவர்

எண்பதுகளில் மலேசியாவின் கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்தில், தேங்காய்ப்பால் சோற்றோடு காரமான மிளகாய்ச் சம்பல் வைத்த நாசி லெமாக் விற்ற அந்த அம்மாள், பொட்டலம் கட்டும் முன் வாங்குபவரின் நாக்கைப் பார்ப்பார். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். தம் சம்பலைத் தின்றே வயிற்றுப்புண் வந்து, சாப்பாட்டை மாற்றித் தேறிய பிறகு தொற்றிய பழக்கம் அது.

ஒருநாள் செகிஞ்சானுக்கு நெல் ஏற்றப் போகும் லோரி ஓட்டுநர் நாக்கை நீட்டினார்.

"வெள்ளையா இருக்கு தம்பி, வயிறு சரியில்ல. இன்னிக்கு ஒனக்குச் சம்பல் கெடையாது. சோறும் வெள்ளரிக்காயும் தின்னு."

"நான் என்ன ஆடா? வயிறு என்னுதுலா, அக்கா!"

அவர் கோபமாக எதிர்க்கடைக்குப் போனார். பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள்.

"இப்படி வெரட்டினா யாவாரம் என்னக்கா ஆவுறது?" என்று, பொட்டலத்துக்குக் காத்திருந்த நான் கேட்டேன்.

"நான் பட்ட வலிய நானே வித்துச் சாப்பிடணுமா?"

சற்று நேரத்தில் ஓட்டுநர் திரும்பி வந்தார். எதிர்க்கடைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

"இதுல எதக்கா திங்கலாம்?"

அம்மாள் சம்பலை வழித்தெறிந்துவிட்டுத் தம் வெள்ளரித் துண்டுகளை அள்ளி வைத்தார். காசு கேட்கவில்லை.

அந்த அம்மாள் என்ன தொழில் செய்தார் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.