நான் ஃபவுல் என்று சொன்ன வீச்சு

பத்தாவது படித்த வருஷம் என் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. டப்பா மூடி, நோட்டு அட்டை, கழுவின தட்டு, எது கிடைத்தாலும் சுழற்றி வீசிப் பார்த்துவிட வேண்டும். வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் மணிக்கட்டு தானாகத் திரும்பிக்கொண்டிருக்கும். எங்கள் பெண்கள் பள்ளியில் மூன்று வருஷமாக ரிங் விளையாட்டில் நான்தான் முதல். அந்த இடம் போய்விடுமோ என்ற பதற்றமும் அதே மூன்று வருஷமாக இருந்தது.

ரிங் என்பது கெட்டியான ரப்பர் வளையம். வலைக்கு இந்தப் பக்கம் நின்று வீச வேண்டும். எதிரில் இருப்பவள் ஒரு கையால் பிடித்து, அதே கையால் உடனே திருப்பி வீச வேண்டும். தரையில் விழவிட்டால் பாயிண்ட் போச்சு. எங்கள் கோர்ட்டுக்கு ஒரு முனை மலைப் பக்கம், மறுமுனை ரோட்டுப் பக்கம். ஆடி மாசம் மலையிலிருந்து இறங்குகிற காற்று வளையத்தை இரண்டு அடி தள்ளிக்கொண்டு போகும். அதைக் கணக்குப் பண்ணி வீச எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் அவள் வந்தாள். எட்டாவது படிப்பவள், கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், இடதுகைக்காரி. ஒருநாள் ஆள் குறைந்ததால் அவளை உள்ளே கூப்பிட்டோம். இடது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வெடுக்கென்று விட்டாள். வளையம் வேகமாகச் சுழன்று, நடுங்கிக்கொண்டே வந்து, என் கைக்கு ஒரு சாண் முன்னால் சரிந்து விழுந்தது. ஐந்து தடவை போட்டாள். ஐந்தும் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

"டீச்சர், ஃபவுல். ரிங் ஆடிக்கிட்டு வருது," என்றேன்.

விளையாட்டு டீச்சர் பீரோவிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து வந்தார். இங்கிலீஷ் புத்தகம். வளையம் எப்படிப் போகக் கூடாது என்று அதில் ஒரு சொல் இருந்தது, அதற்கு டீச்சருக்கும் சரியாக அர்த்தம் தெரியவில்லை. இங்கிலீஷ் எடுக்கிற சாரிடம் போனோம். அவர் அகராதியைப் பார்த்து, "தள்ளாடுதல்," என்றார்.

"தள்ளாடலைங்க சார், லேசா நடுங்குது," என்றாள் என் வகுப்புக்காரி ஒருத்தி.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

மூன்று நாள் இதே சண்டை. சாப்பாட்டு மணியில், தண்ணீர்க் குழாயடியில், பிரேயருக்கு வரிசையில் நிற்கும்போது. கடைசியில் டீச்சர், "வேணாம்மா, வேலூர் போட்டியில அம்பயர் பாயிண்ட்டை எடுத்துடுவாரு. நீ சாதாரணமாவே போடு," என்று அவளிடம் சொன்னார். அவள், "சரிங்க டீச்சர்," என்று போய்விட்டாள்.

மறுநாள் சாதாரணமாக வீசினாள். சுலபமாக ஜெயித்தேன். ஜெயித்த பிறகு பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. தேரடித் தெருவரைக்கும் போய், காரணமில்லாமல் திரும்பி வந்தேன்.

அந்த வீச்சு என் கைக்கு வருமா என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் ரிங்கைப் பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். பின்பக்கச் சுவரில் இரண்டு நாள் அடித்தேன். வேகமாகச் சுழற்றினால் யார் விட்டாலும் அது நடுங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல்கட்டு சிமெண்டுத் தரையில் அதை வைத்தபோது, ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினேன், எதிர்ப்பக்கம் தூக்கியது. கோடை லீவு முழுக்க அது சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரைமேல் கிடந்தது ஞாபகம் வந்தது. வெயிலில் வளைந்திருக்கிறது. என் வீச்சு மெதுவானது, அதனால் தெரியவில்லை. அவள் வேகத்துக்குக் கோணல் வெளியே வந்துவிட்டது.

மேட்ச்சுக்கென்று பீரோவில் புது ரிங் ஒன்று பூட்டி வைத்திருந்தார்கள். அதில் போட்டால் அவள் வீச்சு தட்டையாகத்தான் போகும், ஃபவுலே கிடையாது. இது எனக்கு மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை ரிங்கை இருந்த இடத்தில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வேலூருக்கு யார் போவது என்ற செலக்ஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் சோறு இறங்கவில்லை. கணக்குப் பரீட்சையில் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டு வைத்தேன். அவள் எதிரே வந்தால் வேறு படி வழியாக இறங்கினேன்.

செலக்ஷன் அன்று டீச்சர் புது ரிங்கை எடுத்தார். முதல் செட் எனக்கு. இரண்டாவதிலும் நான் முன்னால் இருந்தேன். பாதியில் இடம் மாறும்போது வலைக்கம்பத்தருகே இருவரும் நெருங்கினோம்.

"உன் பழைய வீச்சையே போடு," என்றேன்.

நின்றாள். "டீச்சர் வேணாம்னாங்களே."

"அந்த ரிங்தான் கோணல். இது நேரா இருக்கு. ஃபவுல் ஆவாது."

என் முகத்தையே பார்த்தாள். "ஏங்க்கா, நான் அவுட்டாவணும்னு சொல்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில். பஸ் நம்பரைக் கேட்பது போலக் கேட்டாள். போய் ரோட்டுப் பக்கம் நின்று சாதாரணமாகவே வீசினாள். தோற்றாள். எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

டீச்சர் பட்டியலில் என் பேரை எழுத பேனாவைத் திறந்தார். அவர் பக்கத்தில் போய் நின்று, கோர்வையில்லாமல், தகரக் கூரை, சமையல்கட்டுத் தரை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பழைய ரிங்கை எடுத்துவந்து மேஜைமேல் வைத்துக் காட்டினேன். ஆடியது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வாரமாங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்த ரிங்கை விரலால் நிறுத்திவிட்டு, "நாளைக்குத் திரும்ப ஆடுங்க ரெண்டு பேரும். அவ பழைய வீச்சையே போடட்டும்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடமே கோர்ட்டைச் சுற்றி நின்றது. அவள் முதல் வீச்சு புது ரிங்கில் தட்டையாக, சத்தமே இல்லாமல் வந்து என் முட்டிக்குக் கீழே சரிந்தது. டீச்சர் விசில் ஊதவில்லை. இரண்டு செட்டும் தோற்றேன். முதல் செட்டில் போராடினேன். இரண்டாவதில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுகூடத் தெரியவில்லை. அழுதேன். ஆனால் அன்று ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வேலூருக்கு அவள் போனாள். உபரி ஆளாக என்னையும் டீச்சர் சேர்த்துக்கொண்டார், தண்டனையா சலுகையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அங்கே இரண்டு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் உயரமான ஒரு பெண்ணிடம் தோற்றாள். அதில் ஒரு பாயிண்ட்டில் எதிராளி வளையத்தை உடனே விடாமல், வீசுவது போலப் போக்குக் காட்டிவிட்டு வீசினாள், அம்பயர் கவனிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் கண்ணமங்கலம் தாண்டியது. அப்புறம், "அது ஃபவுல்தானேக்கா?" என்றாள்.

"ஃபவுல்தான். நீ அங்கியே கேட்டிருக்கணும்."

"கேட்டா மட்டும் குடுப்பாங்களா?"

"குடுக்கலைன்னாலும் கேக்கணும்."

"நீங்கதான் ஒக்காந்துட்டிருந்தீங்களே, நீங்க கேக்கறதுதானே?"

"உபரி ஆளு பேசக் கூடாதுன்னு விதி."

"எந்தப் பக்கத்துல போட்டிருக்குது அப்படி?"

முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த டீச்சரின் கைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை மெல்ல உருவினேன். குலுங்குகிற பஸ்ஸில் ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தோம். போளூர் தாண்டியும் அந்த விதி கிடைக்கவில்லை.